சொன்னால் செய்கிறார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

திருமணமான முதல் நான்கு ஆண்டுகள் நானும் கணவரும் வேலைக்குப் போய்க்கொண்டே வீட்டு வேலைகளைச் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டோம். குழந்தைக்கு இப்போது இரண்டு வயது. நான் சொன்னால் எதையும் மறுக்காமல் செய்கிறார். ஆனால் ஒவ்வொன்றையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. இவ்வளவு நல்லவர்மீது கோபம் வருவது நியாயமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நியாயம்தான். சொல்வதும் ஒரு வேலையே. அடுத்த தடுப்பூசி என்றைக்கு, இருக்கிற சட்டை இன்னும் எத்தனை மாதம் போதும், காய்ச்சல் கண்டால் யார் விடுப்பு எடுப்பது என்று முன்கூட்டியே யோசித்து, சொன்னது நடந்ததா என்றும் கவனித்துக்கொண்டிருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால், பாகம் பிரிக்கும்போது அது கணக்கிலேயே வருவதில்லை.

இந்த ஏற்றத்தாழ்வு பெரும்பாலும் முதல் சில மாதங்களில் உருவாகிவிடுகிறது. உடல் தேறவும் பாலூட்டவும் தாய் வீட்டில் இருக்க, தந்தை சில நாட்களிலேயே வேலைக்குத் திரும்புகிறார். எந்த அழுகை பசிக்கு, எந்த அழுகை தூக்கத்துக்கு என்பதைத் தாய் பலமுறை தவறிய பிறகே கற்கிறார். தவறிக் கற்கும் அந்த வாய்ப்பு தந்தைக்குக் கிடைப்பதில்லை. பிறகொரு நாள், "உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்று அவர் சொல்லும்போது அது உண்மையாகவே ஆகிவிட்டிருக்கிறது.

சம்பளமும் இதை இறுக்குகிறது. டென்மார்க் குறித்து ஹென்ரிக் கிளெவனும் உடன் ஆய்வாளர்களும் 2019இல் வெளியிட்ட ஆய்வில், முதல் குழந்தைக்கு முன்புவரை ஒரே போக்கில் சென்ற ஆண், பெண் வருமானங்கள் அதன்பின் விலகி, பெண்கள் நீண்டகாலத்தில் சுமார் 20 சதவீதம் பின்தங்குவது தெரிந்தது. குறைவாகச் சம்பாதிப்பவர் விடுப்பு எடுக்கட்டும் என்பது அப்போது சிக்கனமான முடிவாகவே தோன்றும்; அதனால் இடைவெளி மேலும் வளரும். 1993இல் நார்வே, தாய்க்கு மாற்றித்தர முடியாத நான்கு வார விடுப்பைத் தந்தையருக்கென ஒதுக்கிய பிறகு, அதுவரை அரிதாகவே விடுப்பு எடுத்த ஆண்களில் பெரும்பான்மையினர் சில ஆண்டுகளுக்குள் அதை எடுக்கத் தொடங்கினார்கள். அந்த ஏற்பாடு எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது.

உங்கள் வீட்டில், மருத்துவர் தொடர்பான எல்லாவற்றையும், தேதியை நினைவில் வைப்பது உட்பட, அவரிடமே முழுமையாக ஒப்படையுங்கள். வாரத்தில் ஒருநாள் குழந்தையை அவரிடம் விட்டு, குறிப்பு ஏதும் எழுதி வைக்காமல் வெளியே செல்லுங்கள். உங்களுக்கும் அது கடினமாகவே இருக்கும், ஏனெனில் அவர் செய்யும் முறை உங்கள் முறையாக இராது. நடுவில் அழைத்து என்ன செய்வதென்று கேட்டால், ஆபத்தொன்றும் இல்லாதவரை, "நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.