கடலோரத் தோட்டத்துக்கு அந்த மண்ணின் பூங்கொடியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: துணை வெப்பமண்டலக் கடலோரத்தில் வீடு. வேலியிலும் பந்தலிலும் ஏற்றிவிட, அந்த மண்ணுக்கே உரிய பூங்கொடியாக எதை வைக்கலாம்?

எந்தக் கடலோரம் என்று நீங்கள் சொல்லவில்லையே! பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. ஒரு கரையின் சொந்தக் கொடி இன்னொரு கரையில் காட்டை மூடும் களை. ஆரஞ்சு இதழும் கறுத்த நடுவுமாகப் பூக்கும் துன்பெர்ஜியா அலாட்டா கிழக்கு ஆப்பிரிக்காவில் இயல்பாக வளர்வது. கிழக்கு ஆஸ்திரேலியாவில் அது களை. பாசிஃப்ளோரா சுபெரோசாவின் இலை தெற்கு ஃப்ளோரிடாவில் வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்குத் தீனி. ஹவாயில் அதே கொடி தொல்லை. அதனால் பூவின் படத்தைப் பார்த்து மயங்காமல், இந்தக் கொடி எங்கிருந்து வந்தது என்பதை முதலில் விசாரியுங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குக் குயின்ஸ்லாந்திலும் அதை ஒட்டிய வடக்கு நியூ சவுத் வேல்ஸிலும் ரிச்மண்ட் பேர்ட்விங் என்ற பெரிய வண்ணத்துப்பூச்சி வாழ்கிறது. தாழ்நிலத்தில் அதன் புழுக்களுக்கு உணவு பாரரிஸ்டோலோக்கியா ப்ரேவெனோசா என்ற காட்டுக்கொடி. தோட்டக்காரர்கள் விரும்பி வாங்கியதோ, அதே குடும்பத்தைச் சேர்ந்த தென் அமெரிக்கக் கொடி ஒன்றை. வளைந்த குழாய், கருஞ்சிவப்பும் வெள்ளையும் கலந்த முகம் என்று பூ அத்தனை கவர்ச்சி. தாய்ப்பூச்சி இதையும் தன் கொடி என்று நம்பி முட்டையிடுகிறது. பொரித்து வரும் புழுக்கள் அந்த இலையைத் தின்று செத்துவிடுகின்றன. வேலி அழகுக்காக வைத்த ஒரு கொடி இப்படி ஒரு உயிரினத்துக்குப் பொறியாகிறது. மண்ணின் கொடியைத் தேடும் உங்கள் எண்ணம் சரியானது என்பதற்கு எனக்கு இது ஒன்றே போதும்.

அடுத்தது உப்புக்காற்று. கடலைப் பார்த்த பக்கம் வேறு, வீட்டுக்குப் பின்புறம் வேறு. முன்பக்கத்தில் மெல்லிய இலைக் கொடிகளை வைத்தால் ஓரம் பழுப்பாகிக் கருகும். அங்கே தடித்த, மெழுகு பூசினாற்போன்ற இலைதான் தாக்குப்பிடிக்கும். தோட்டம் மணலில் போய் முடிகிறதென்றால் அடம்பு இருக்கிறது. வெப்பமண்டல, துணை வெப்பமண்டலக் கரைகள் பலவற்றுக்கும் அது சொந்தம். பந்தலில் ஏறாது, தரையில்தான் ஓடும். ஆனால் கணுவுக்குக் கணு வேர்விட்டு மணலைப் பிடித்து நிறுத்திவிடும். மேலே ஊதாச் சாயலில் இளஞ்சிவப்புப் பூ. ஆஸ்திரேலியக் கிழக்குக் கரையானால் ஹிப்பெர்ஷியா ஸ்காண்டென்ஸ். மணல்மேட்டிலேயே வளரும் கொடி, பளீரென்ற மஞ்சள் பூ. முன்வரிசைக்கு என் முதல் தேர்வு அதுதான். அதே கரையில் வீட்டின் மறைவில் பாண்டோரியா ஜாஸ்மினாய்டஸ் வைக்கலாம். வெளிர் இளஞ்சிவப்பு, தொண்டை மட்டும் அடர்சிவப்பு. குளிர்காலம் முடியும்போது ஊதாப் பூ வேண்டுமென்றால் ஹார்டென்பெர்ஜியா வயலேசியா.

அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதி என்றால் லோனிசெரா செம்பர்விரென்ஸ். நீண்ட சிவப்புக் குழாய்ப் பூ, காற்றில் மிதந்தபடி தேன் குடிக்கும் ஹம்மிங்பறவைகள் தேடி வரும். இங்கேதான் நர்சரியில் கவனம் வேண்டும். லோனிசெரா ஜப்பானிகா என்ற இன்னொன்று அதே பகுதியில் கட்டுக்கடங்காமல் பரவிய அயல்கொடி. பூ இல்லாத நாளில் இரண்டும் குழப்பும். கொடியின் நுனியை நோக்கி விரலை ஓட்டிப் பாருங்கள்: செம்பர்விரென்ஸில் பூங்கொத்து வரும் இடத்துக்குக் கீழே எதிரெதிர் இலைகள் இரண்டும் ஒட்டி ஒரே தட்டாகி, தண்டு அதன் நடுவைத் துளைத்துக்கொண்டு போகும். ஜப்பானிகாவில் எல்லா இலைகளும் தனித்தனி. பழமும் காட்டிக்கொடுக்கும், முன்னதில் சிவப்பு, பின்னதில் கறுப்பு.

அதே பகுதியில் ஜெல்சீமியம் செம்பர்விரென்ஸும் மஞ்சளாக, வாசனையாகப் பூக்கும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் வேண்டவே வேண்டாம். வேர் முதல் பூந்தேன் வரை நஞ்சு. பூவை உறிஞ்சிய பிள்ளைகளுக்கு நஞ்சேறியதுண்டு.

கொழுகொம்பையும் சேர்த்தே யோசியுங்கள். சுற்றி ஏறும் கொடிக்குக் கம்பியோ மெல்லிய கழியோ வேண்டும். பருத்த தூணை அதனால் வளைத்துப் பிடிக்க முடியாது. பற்றுக்கம்பி உள்ளதற்கு வலை போதும். சுவரில் வேரைப் பதித்து ஏறும் காம்ப்சிஸ் ராடிகன்ஸ் போன்றவற்றை நான் வீட்டுச் சுவரருகே சிபாரிசு செய்யவே மாட்டேன். சொந்த மண்ணிலேயே அது வேரிலிருந்து குருத்துவிட்டு எங்கெங்கோ முளைக்கும். கொடி ஏறும் சட்டத்தைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி நிறுத்துங்கள், காற்று ஊடே போகட்டும். கடலோரத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே நிலைக்கும்.

மண் மணலாக இருந்தால் மட்கு கலந்து, மேலே மூடாக்குப் போடுங்கள். கிளிஞ்சல் தூள் நிறைந்த மண்ணில் சுண்ணாம்பு மிகுந்து, கொடிக்கு இரும்புச்சத்து எட்டாமல் போகும். நரம்பு பச்சையாகவும் இடையில் மஞ்சளாகவும் இலை மாறினால் அதுதான் காரணமாக இருக்கும். உப்பைத் தாங்கும் கொடிக்கும் வேர் பிடிக்கும்வரை நல்ல தண்ணீர் வேண்டும். பலத்த கடற்காற்று அடித்து ஓய்ந்த நாளில் இலைகளை ஒருமுறை கழுவிவிடுங்கள்.

வாங்கும்போது அட்டையில் தாவரவியல் பெயர் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத தொட்டியை நான் வாங்குவதில்லை. எந்தக் கரை என்று எழுதினால் இன்னும் குறிப்பாகச் சொல்கிறேன்.