மார்த்தெஸ் பதிமூன்றா? கல்யாணத்தைத் தள்ளிப்போடுங்கள்!

கே: ஸ்பெயினில் அச்சான நாள்காட்டி ஒன்று கிடைத்தது. கிழமைகளுக்கு ஒற்றை எழுத்துதான் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது கட்டத்தில் எக்ஸ் இருக்கிறதே, விடுமுறையா?

ப: ஆசைதான்! சாதாரண புதன்கிழமை அது. செவ்வாய் 'மார்த்தெஸ்', புதன் 'மியேர்க்கோலெஸ்'. இரண்டுமே எம்மில் ஆரம்பிப்பதால், குழப்பம் வேண்டாமென்று புதனுக்கு எக்ஸ் போட்டுவிடுகிறார்கள். ஸ்பானியம் பேசும் நாடுகள் சிலவற்றில் இந்த வழக்கம் கிடையாது. அந்த நாள்காட்டியில் வாரம் திங்களில் தொடங்குவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் கட்டம் ஞாயிறு என்று நினைத்தால் எல்லாமே ஒரு நாள் தள்ளிப்போய்விடும்.

கே: ஏழு கிழமைகளும் மனதில் நிற்க மாட்டேன் என்கின்றன. சுலப வழி உண்டா?

ப: தமிழ் தெரிந்த உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. நாம் கிழமைக்குக் கோளின் பெயரை வைத்திருக்கிறோம், அவர்களும் அதே வரிசையில் வைத்திருக்கிறார்கள். திங்கள் என்றால் நிலா. ஸ்பானியத்தில் நிலா 'லூனா', கிழமை 'லூனெஸ்'. செவ்வாய்க் கோள் 'மார்த்தே', கிழமை 'மார்த்தெஸ்'. புதன் கோள் 'மெர்க்கூரியோ', கிழமை 'மியேர்க்கோலெஸ்'. வியாழன் 'ஹூப்பித்தெர்', அதன் கிழமை 'ஹுவேபெஸ்'. வெள்ளி 'பேனுஸ்', அதன் கிழமை 'பியேர்னெஸ்'. வார இறுதி மட்டும் கட்சி மாறிவிட்டது. சனிக்கிழமையான 'சாபதோ' யூதர்களின் ஓய்வு நாளிலிருந்து வந்தது. ஞாயிறான 'தொமிங்கோ' லத்தீனில் ஆண்டவரின் நாள்.

வி எழுத்தைப் பார்த்ததும் 'வியேர்னெஸ்' என்று உதட்டைக் கடிக்காதீர்கள். அங்கே வி, பி இரண்டுக்கும் ஒரே ஒலி. மாதங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, கேட்கவும் தேவையில்லை. 'எனேரோ' என்றால் ஜனவரி என்று தெரிந்துகொண்டால் மற்றவை ஏறக்குறைய கேட்ட பெயர்கள்தான். போனில் பேசும்போது மட்டும் 'ஹூனியோ'வா 'ஹூலியோ'வா என்று இன்னொரு முறை கேட்டுவிடுங்கள். ஜூன், ஜூலை குழப்பத்தில் டிக்கெட் வீணாகலாம்.

கே: 'திங்கட்கிழமை எனக்கு வகுப்பு' என்பதற்கு 'என் லூனெஸ் தெங்கோ க்ளாசே' என்று எழுதினேன். ஆசிரியை சிவப்பு மையால் அடித்துவிட்டார். என்ன தப்பு?

ப: நானும் அடித்திருப்பேன். மாதத்துக்கு 'என்' போடலாம், 'என் மாயோ' என்றால் மே மாதத்தில். கிழமைக்கு அது ஒட்டாது, 'எல்' வேண்டும். 'எல் லூனெஸ் தெங்கோ க்ளாசே' என்றால் வருகிற திங்கட்கிழமை வகுப்பு. 'லோஸ் லூனெஸ் தெங்கோ க்ளாசே' என்றால் வாராவாரம் மாட்டிக்கொண்டீர்கள் என்று பொருள். புதிதாகப் படிப்பவர்கள் பெயர்களை உருப்போடுவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியை இந்த எல், லோஸ் மீது காட்டினால் போதும், பாதிப் பிழை குறையும்.

'லூனெஸ்' ஒருமை, பன்மை இரண்டிலும் மாறவில்லை பாருங்கள். வெள்ளி வரை அப்படியேதான். 'சாபதோ', 'தொமிங்கோ' இரண்டு மட்டும் பன்மையில் 'சாபதோஸ்', 'தொமிங்கோஸ்' ஆகும். இன்று என்ன கிழமை என்று சொல்லும்போது எல் வராது. 'ஓய் எஸ் லூனெஸ்', அவ்வளவுதான். ('ஓய்' என்றால் இன்று. யாரையும் அதட்டவில்லை.)

கே: பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை வந்தால் ஸ்பெயின்காரர்களும் பயப்படுவார்களா?

ப: அவர்கள் பாரம்பரியமாகப் பயப்படுவது 'மார்த்தெஸ் த்ரேசே', அதாவது பதின்மூன்றாம் தேதி செவ்வாய்க்கு. செவ்வாயன்று கல்யாணமும் செய்யாதே, கப்பலும் ஏறாதே என்று ஒரு பழமொழியே இருக்கிறது. அங்கே முட்டாள்கள் தினமும் ஏப்ரலில் இல்லை, டிசம்பர் 28-இல்.

கே: தேதியை வருடத்தோடு எப்படி வாசிப்பது?

ப: நாள், மாதம், வருடம் என்று நம் வரிசையேதான். நடுவில் இரண்டு 'தே'. செவில்யா உலகக் கண்காட்சி 1992 ஏப்ரல் 20 அன்று தொடங்கியது. அதை 'எல் பெய்ந்தே தே அப்ரில் தே மில் நோபெசியெந்தோஸ் நோபெந்தா இ தோஸ்' என்று வாசிக்க வேண்டும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றிரண்டு என்று தமிழில் சொல்வதைப் போலவே. பத்தொன்பது, தொண்ணூற்றிரண்டு என்று இரண்டாக வெட்டும் ஆங்கிலப் பழக்கம் இங்கே செல்லாது. முதல் தேதிக்கு லத்தீன் அமெரிக்காவில் 'ப்ரிமேரோ' என்பார்கள், ஸ்பெயினில் 'உனோ'வும் உண்டு. மற்ற தேதிகளுக்கு வெறும் எண் போதும்.

கே: 'கின்சே தியாஸ்' கழித்து வருவதாகச் சொன்ன ஸ்பானியத் தோழி ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றாள். கின்சே என்றால் பதினைந்துதானே?

ப: பதினைந்தேதான். ஆனால் பேச்சில் 'கின்சே தியாஸ்' என்றால் இரண்டு வாரம், 'ஓச்சோ தியாஸ்', அதாவது எட்டு நாள் என்றால் ஒரு வாரம். சொல்கிற நாளையும் சேர்த்து எண்ணும் பழக்கம். திங்களன்று சொல்லியிருந்தால் இரண்டு வாரம் கழித்து அதே திங்களன்று வருவார். உங்கள் தோழி சரியான நாளில்தான் வந்திருக்கிறார்.