புதிதாக வரும் சொகுசுக் கார் நிறுவனம் நிலைத்து நிற்குமா?

அண்ணா நகர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சென்னையில் முதல் ஷோரூமைத் திறக்கவிருக்கும் ஓர் ஐரோப்பிய சொகுசுக் கார் நிறுவனம், முன்பதிவு செய்பவர்களுக்கு அறிமுகச் சலுகை தருவதாகச் சொல்கிறது. ஷோரூம் விலை சுமார் 75 லட்சம் ரூபாய். ஒரு காரை வாங்கினால் எட்டு ஆண்டுகளாவது வைத்திருப்பவன் நான். இடையில் அவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டால் என் நிலை என்ன? இவர்கள் இங்கே வேரூன்றுவார்களா என்பதை எதைப் பார்த்துத் தெரிந்துகொள்வது?”

ஷோரூமை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்பதே என் முதல் பதில். அண்ணா சாலையிலோ கிண்டியிலோ கண்ணாடி மாளிகைபோல எழும் அந்தக் கட்டடத்துக்கான வாடகையும் உள் அலங்காரச் செலவும் பெரும்பாலும் உள்ளூர் டீலர் போட்ட பணம்; நிறுவனம் விலகினால் முதலில் நஷ்டப்படுகிறவர் அவர்தான். எனவே, இந்த ஊரைவிட்டுப் போனால் திரும்ப எடுக்க முடியாத பணத்தை நிறுவனம் தன் கையிலிருந்து எங்கே போட்டிருக்கிறது என்பதையே நீங்கள் தேட வேண்டும்.

இந்தியாவில் அந்தக் கேள்வி சுங்க வரியில் தொடங்குகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையின்படி, முழுமையாக வெளிநாட்டில் தயாராகி வரும் காரின் மதிப்பு 40,000 டாலருக்கு உட்பட்டிருந்தால் 70 சதவீதமும், அதற்கு மேற்பட்டால் கூடுதல் வரியையும் சேர்த்து 110 சதவீதமும் செலுத்த வேண்டும். துறைமுகத்தில் 30 லட்சம் மதிப்போடு இறங்கும் ஒரு பெட்ரோல் கார், 21 லட்சம் சுங்க வரியும் அதன்மேல் 40 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்து, போக்குவரத்துச் செலவும் டீலரின் பங்கும் சேரும் முன்பே 71 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டில் 20 சதவீத சாலை வரியும் உண்டு. அதே மதிப்பு, எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்கூட்டியே இணைக்கப்படாத தனித்தனிப் பாகங்களாக வந்து இங்கே அசெம்பிள் செய்யப்பட்டால், சுங்க வரி 15 சதவீதம், அதாவது நாலரை லட்சம்தான். ஆகவே முதலில் சில நூறு கார்களை முழுதாக இறக்கிச் சந்தையைத் தொட்டுப் பார்ப்பதும், விற்பனை தேறினால் அசெம்பிளி ஆலை அமைப்பதுமே பல நிறுவனங்களின் வழி. நீங்கள் பார்க்கும் நிறுவனம் இன்னும் தொட்டுப் பார்க்கும் கட்டத்தில்தான் இருக்கிறதா என்பதை நேரடியாகக் கேளுங்கள்.

நம் பக்கத்திலேயே ஒரு நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. பி.எம்.டபிள்யூ 2007-இல் செங்கல்பட்டுக்கு அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் ஆலை திறந்து, 3 சீரிஸ், 5 சீரிஸ் கார்களை அசெம்பிள் செய்யத் தொடங்கியது. பின்னர் 2015-இல், அந்த நிறுவனத்துக்கான எஞ்சின்களை இணைப்பதற்கென்றே ஃபோர்ஸ் மோட்டார்ஸ் சென்னையில் தனி ஆலை அமைத்தது. இப்படி ஒன்றன்மேல் ஒன்றாகச் சேரும் முதலீட்டைத்தான் வேர் என்று நான் சொல்வேன்.

இதற்கு மாறான தொடக்கமும் உண்டு. மெர்சிடிஸ் பென்ஸ் 1994-இல் டெல்கோவுடன் (இன்றைய டாடா மோட்டார்ஸ்) கூட்டுச் சேர்ந்து, மறு ஆண்டு புனேயில் இ கிளாஸ் காரைத் தயாரிக்கத் தொடங்கியபோது, இங்கே வந்தது டபிள்யூ 124 என்னும் தலைமுறை. அதே 1995-இல் ஐரோப்பாவில் அதற்கு அடுத்த தலைமுறை வெளிவந்துவிட்டது. இவ்வளவு பணம் கொடுப்பவர் தமக்குக் கிடைப்பது முந்தைய மாடல் என்பதைக் கவனிக்காமல் இருப்பாரா? அந்த நிறுவனம் பிறகு பாடம் கற்று இங்கே ஆழமாகவே காலூன்றியது. ஆனாலும் அறிமுகச் சலுகை என்ற சொல்லைக் கேட்டதும், அந்தக் கார் எந்த ஆண்டு மாடல், அதன் அடுத்த தலைமுறை எப்போது வரும் என்று விசாரிக்கும் பழக்கம் இருக்க வேண்டும்.

ஆலை இருந்தால் போதும் என்றும் நான் சொல்லமாட்டேன். அதைச் சென்னைக்காரரிடம் சொல்லவும் முடியாது. ஃபோர்டு சொகுசுக் கார் நிறுவனம் அல்ல; என்றாலும் மறைமலை நகரில் பெரிய ஆலை வைத்திருந்த அதுவே, 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. நிசானின் சொகுசுப் பிரிவான இன்ஃபினிட்டி, இங்கிலாந்தின் சண்டர்லாந்து ஆலையில் கார்களைத் தயாரித்து வந்தும், 2020-இல் மேற்கு ஐரோப்பாவைவிட்டு வெளியேறியது. ஃபோர்டு வாடிக்கையாளர்களுக்குச் சர்வீஸும் உதிரிபாகங்களும் தொடர்ந்து கிடைக்கும் என்று உறுதி தரப்பட்டதும், நாடு முழுவதும் அவர்களின் கார்கள் ஏராளமாக ஓடியதால் உதிரிபாகங்களுக்குத் தேவை இருந்ததும் அவர்களுக்குக் கைகொடுத்தன. சில நூறு கார்களே விற்ற நிறுவனம் விலகினால் அந்தத் துணை கிடைக்காது என்பதே உங்கள் அச்சத்தின் நியாயமான பகுதி.

ஆலைக்கு அடுத்தபடியாக, ஆலையைவிட உங்களுக்கு நெருக்கமாக, இருப்பது சர்வீஸ். 1989-இல் அமெரிக்காவுக்குப் புதிதாக வந்த, டொயோட்டாவின் சொகுசுப் பிரிவான லெக்சஸ், அதே ஆண்டு டிசம்பரில் தன் எல்.எஸ். 400 கார்களில் சுமார் 8,000-ஐத் திரும்ப அழைக்க நேர்ந்தது. உரிமையாளர்களின் வீட்டுக்கே ஆளனுப்பிக் காரை எடுத்துச் சென்று, பழுது நீக்கி, கழுவி, டேங்கையும் நிரப்பித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்தப் பெயர் அமெரிக்காவில் நிலைபெற்றதில் விளம்பரங்களைவிட அந்தச் சில வாரங்களுக்கு அதிகப் பங்குண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

சென்னையில் இந்தச் சோதனை பெரும்பாலும் டிசம்பரில்தான் வரும். 2015 வெள்ளத்திலும், 2023 மிக்ஜாம் புயலிலும் அடித்தள வாகன நிறுத்தங்களில் மூழ்கிய கார்களின் உரிமையாளர்கள் என்ன பாடுபட்டார்கள் என்பதை அருகிருந்து பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்த ஒருவரின் கார், ஒரு மின்னணுப் பாகம் வெளிநாட்டிலிருந்து வந்துசேரும்வரை சர்வீஸ் சென்டரிலேயே மூன்று மாதம் நின்றது. ஆகவே டெஸ்ட் டிரைவுக்கு ஈ.சி.ஆர். பக்கம் போக வேண்டாம். அம்பத்தூரோ பெருங்குடியோ, அவர்களின் சர்வீஸ் சென்டர் இருக்கும் இடத்துக்கே அந்தக் காரை ஓட்டிச் செல்லுங்கள். காரைத் தூக்கும் லிப்ட்கள் எத்தனை இருக்கின்றன, பயிற்சி பெற்ற மெக்கானிக்குகள் எத்தனை பேர், முன்கண்ணாடியும் பம்பரும் ஹெட்லைட்டும் இந்தியக் கிடங்கில் இருப்பில் உள்ளனவா, வெள்ளம் புகுந்த காருக்கு எந்தக் காப்பீட்டு நிறுவனத்துடன் ரொக்கமில்லா ஏற்பாடு உண்டு என்று அங்கே இருக்கும் சர்வீஸ் மேலாளரிடம் கேளுங்கள். விற்பனைப் பிரதிநிதியிடம் கேட்டுப் பயனில்லை. சர்வீஸ் சென்டர் இனிமேல்தான் வரும் என்றால், கார் வாங்குவதையும் அதுவரை தள்ளிவையுங்கள்.

இறக்குமதிக் கார் என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 2018 முதல், ஐரோப்பிய அல்லது ஜப்பானியத் தரச்சான்று பெற்ற வலப்பக்க ஸ்டியரிங் கார்களை ஆண்டுக்கு 2,500 வரை உள்ளூர்ச் சான்றளிப்புச் சோதனை இல்லாமலே ஒரு நிறுவனம் இறக்குமதி செய்யலாம். அப்படி வரும் கார் நம் மே மாத வெயிலுக்கும் வேகத்தடைகளுக்கும் ஏற்ப மாற்றப்பட்டதா, 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு ஏற்றதா என்பதை எழுத்துமூலம் பெறுங்கள்.

நிறுவனத்தின் நம்பிக்கையை அளக்க எனக்குப் பிடித்த கேள்வி ஒன்று உண்டு: “மூன்று ஆண்டு கழித்து இன்ன விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வோம் என்று யார் கையெழுத்திடுவார்கள்?” நிறுவனத்தின் சொந்த நிதிப் பிரிவு கையெழுத்திட்டால், காரின் மறுவிற்பனை விலையில் அவர்களின் பணமும் சிக்கியிருக்கிறது என்று பொருள். டீலர் மட்டும் கையெழுத்திட்டால் அந்த உறுதி டீலர் கடை நடத்தும்வரைதான். எழுதித் தர யாரும் முன்வராவிட்டால், எட்டு ஆண்டு வைத்திருக்க நினைக்கும் உங்களுக்கு அந்தக் காரை நான் பரிந்துரைக்கமாட்டேன். மிகவும் பிடித்திருந்தால் மூன்று ஆண்டுக் குத்தகைக்கு எடுங்கள்.

தகராறு வந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி நீங்கள் வசிக்கும் ஊரிலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 50 லட்சத்துக்கு மேல், 2 கோடிக்குள் என்பதால் அது சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போகும். அங்கே வாய்மொழி வாக்குறுதி நிற்காது. முன்பதிவுப் பணத்தை எந்த நாள்வரை பிடித்தமின்றித் திரும்பப் பெறலாம், வாரண்டிக்குப் பொறுப்பு இந்தியாவில் பதிவு செய்யப்பட்ட எந்த நிறுவனத்துக்கு என்ற இரண்டும் ரசீதிலோ ஒப்பந்தத்திலோ எழுதப்பட்ட பிறகே பணத்தைச் செலுத்துங்கள்.