பாஸ்வேர்டு போட்டால் போதுமா?

கேள்வி: கடைக் கணக்கு முழுவதும் ஒரே டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பாஸ்வேர்டு போட்டிருக்கிறோம். சிபியுவையே யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால்?

பதில்: ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், பாஸ்வேர்டு இருந்தும் ஃபைல்கள் திறந்துவிடும். விண்டோஸ் 11 புரோ என்றால், டிஸ்க்கில் இருப்பதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கர் வசதியை ஆன் செய்யுங்கள். அப்போது கிடைக்கும் 48 இலக்க ரெக்கவரி கீயைத் தாளில் எடுத்து, கடையில் அல்ல, வீட்டு பீரோவில் வையுங்கள். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். மதர்போர்டை மாற்றினால் அந்தக் கீயைக் கேட்கும்; சில நேரம் பயாஸ் (கம்ப்யூட்டரைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகும் கேட்கும். கீ இல்லையென்றால் டேட்டா உங்களுக்கே கிடைக்காது.

பல சிபியு கேபினெட்களின் பின்புறம், பக்கவாட்டு மூடியை ஒட்டி, சிறு இரும்பு வளையம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் ஸ்டீல் கேபிளைக் கோத்து, சுவரில் பதித்த கொக்கியோடு பூட்டுங்கள். மூடியும் திறக்காது, பெட்டியும் நகராது. மேசைக்காலில் கட்டுவது வீண். மேசையைச் சற்றுத் தூக்கினால் கேபிள் கழன்றுவிடும்.

பேக்கப்புக்கு இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க். ஒன்று வீட்டில், ஒன்று கடையில். வாரம் ஒருமுறை இரண்டையும் இடம் மாற்றுங்கள். அவற்றுக்கும் பிட்லாக்கர் வேண்டும். காப்பி முடிந்ததும் கழற்றிவிடுங்கள். செருகியே கிடந்தால், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அதையும் பூட்டும். திருடனுக்கோ இரட்டை லாபம்!