கயாக் அடியில் கீறல்: எதைச் சீவுவது, எதை விட்டுவிடுவது

கேள்வி: சோழவந்தான் பக்கத்துக் கண்மாயில் பிளாஸ்டிக் கயாக் (சிறு துடுப்புப் படகு) ஓட்டுகிறேன். கரையில் பதித்திருக்கும் அலைகல்லில் இழுத்து இழுத்து, அடிப்பகுதி முழுவதும் கீறல் விழுந்து பிசிறு நிற்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததில் இன்னும் மோசமாகிவிட்டது. எம்சீல் வைத்து அடைத்துப் பெயின்ட் அடித்துவிடலாமா? (மதுரை வாசகர்)

பதில்: எம்சீலும் வேண்டாம், பெயின்டும் வேண்டாம்; உப்புத்தாளை இனி தொடவே வேண்டாம். உங்கள் படகு பெரும்பாலும் பாலிஎதிலீனால் ஆனதாக இருக்கும். நம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைப் போலவே, பிளாஸ்டிக் தூளை அச்சுக்குள் இட்டு, சூடேற்றிக்கொண்டே சுழற்றி வார்க்கப்படும் பொருள் அது. மெழுகைப் போன்ற அதன் மேற்பரப்பில் சாதாரணப் பசையோ பெயின்டோ பிடித்து நிற்பதில்லை. இன்று பூசியது சில நாளில் தோலாக உரிந்து வரும். உப்புத்தாள் பட்டால் அது தூளாக உதிராமல் இழை இழையாகக் கிழிகிறது. தேய்க்கத் தேய்க்கப் பஞ்சு படர்ந்ததுபோல் ஆனதற்குக் காரணம் இதுதான்.

ஆனாலும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கியைத் துணியில் நனைத்து, கண்ணில் படாத ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். பரப்பு பிசுபிசுத்தால் அது ஏபிஎஸ் என்ற வேறொரு பிளாஸ்டிக்கால் ஆன படகு. அதற்கு வைத்தியம் வேறு, அதில் பசை பிடிக்கும். எந்த மாற்றமும் இல்லையென்றால் மேற்கொண்டு படியுங்கள்.

மேலோட்டமான கீறல்களை நிரப்பவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பள்ளமான கோடுகள் படகின் ஓட்டத்தை உணரும்படி குறைப்பதில்லை. தண்ணீரில் இழுவை தருவது மேலெழுந்து நிற்கும் பிசிறுதான், அதை நீக்கினால் போதும். படகை நன்றாகக் கழுவி, மணல் ஒட்டாமல் உலரவைத்துக் கவிழ்த்துப் போடுங்கள். புதிய கட்டர் பிளேடை ஏறக்குறையப் படுக்கவைத்துப் பிடித்து, முன்முனையிலிருந்து பின்முனை நோக்கி, அழுத்தாமல் சீவிக்கொண்டே வாருங்கள். பிசிறு சுருள் சுருளாகக் கழன்று விழ வேண்டும். பிளேடு கடித்து உள்ளே இறங்கினால் சாய்வு அதிகமாகிவிட்டது என்று பொருள்.

எஞ்சிய மெல்லிழைகளுக்குச் சூடான காற்றை ஊதும் கருவியான ஹீட் கன் உதவும். பாலிஎதிலீன் ஏறத்தாழ 120 முதல் 130 டிகிரி செல்சியசிலேயே உருகிவிடும். ஹீட் கன்னின் காற்றோ அதைவிட மிகவும் சூடானது. எனவே ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்திலும் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருங்கள். மங்கலாக இருந்த இடம் திடீரென ஈரம் பட்டதுபோல் மினுங்கும். அந்தக் கணத்திலேயே கன்னை விலக்கி, தண்ணீரில் நனைத்த எவர்சில்வர் கரண்டியின் முதுகால் மெல்ல வருடுங்கள். மினுங்கிய பின்னும் சூடு காட்டினால் அடிப்பகுதி குழிந்துவிடும். இந்த வேலையை நிழலில், காலை நேரத்தில், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள்; சித்திரை வெயிலில் காய்ந்த படகு ஏற்கெனவே இளகியிருக்கும்.

படகுச் சுவரின் பாதிக் கனத்துக்கு மேல் இறங்கிய வெட்டும், விரிசலும் வேறு விஷயம். அவற்றை அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி வெல்டிங் செய்துதான் மூட வேண்டும். விரிசலானால் அதன் இரு நுனிகளிலும் முதலில் சிறு துளை இட்டுவிட்டால், அது மேலும் ஓடாது. கைப்பழக்கம் இல்லையென்றால், தண்ணீர்த் தொட்டிக்கு வெல்டிங் வைப்பவரிடம் கொடுங்கள். பொருள் ஒன்றே என்பதால் அவருக்குப் பழகிய வேலைதான். மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட, குறுக்குப் பிணைப்பு (கிராஸ்-லிங்க்டு) கொண்ட பாலிஎதிலீன் படகுகளும் உண்டு. அவை உருகுவதில்லை, ஆகவே வெல்டிங் ஏற்காது. உங்களுடையது எந்த வகை என்று விற்றவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இனி இறக்கும்போதும் ஏற்றும்போதும் இருவராகத் தூக்குங்கள். தனியாகச் செல்லும் நாளில், ஒரு பழைய சணல் சாக்கை நனைத்து அலைகல்லின் மேல் விரித்து, அதன் மீது நகர்த்துங்கள்.