நிலாவெளியில் நாலு நாள் மழை

அன்புள்ள எழுத்தாளருக்கு,

மாரிக்காலக் கடல் பற்றி நீங்கள் முன்பு எழுதிய குறிப்பை நம்பிப் போய் நனைந்து வந்தவன் எழுதுகிறேன். நாங்கள் ரொறொன்ரோவில் இருக்கிறோம். கல்யாணம் செய்து 31 வருடம். பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். போன டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் ஒரு கல்யாண வீடு. அது முடிந்ததும் நானும் மனைவியும் மட்டும் திருகோணமலைக்குப் பக்கத்தில் நிலாவெளியில் ஒரு கடற்கரை விடுதியில் 4 இரவு தங்கினோம். ஓகஸ்ட் விலையில் பாதிதான்.

மூன்று நாள் விடாத மழை. கடலில் சிவப்புக் கொடி. புறாத்தீவுக்குப் படகு இல்லை. நீச்சல் குளத்தை வற்றவைத்து வர்ணம் பூசிக்கொண்டிருந்தார்கள். குழாயில் சுடுதண்ணீர் இல்லை. 26ஆம் திகதி காலைச் சாப்பாடே பத்து மணிக்குத்தான் வந்தது. அதற்கு ஒழுங்கான விளக்கமும் இல்லை. இருபது அறையில் ஆள் இருந்தது மூன்றில்.

பிரச்சினை என்னவென்றால், மனைவிக்கு அந்த நாலு நாளும் பிடித்திருந்தது. இந்த டிசம்பரும் அங்கேயே போகவேண்டும் என்கிறாள். எனக்குக் காசும் லீவும் வீண் என்றுதான் படுகிறது. நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

கே.

அன்புள்ள கே.,

முதலில் என் பங்குக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். மாரிக்கடல் அழகு என்று எழுதினேன், அதில் குளிக்க முடியாது என்று எழுதவில்லை. திருகோணமலைப் பக்கத்தாருக்கு அது சொல்லித் தெரியவேண்டிய விஷயமில்லை. கனடாவிலிருந்தும் வாசிக்கிறார்கள் என்பதை மறந்துவிட்டேன்.

மே முதல் செப்டெம்பர் வரை வீசுவது தென்மேற்குக் காற்று. கொழும்புப் பக்கத்திலும் மலைநாட்டிலும் மழையைக் கொட்டிவிட்டு, காய்ந்து சூடேறித்தான் அது கிழக்கே வரும். கச்சான் காற்று என்போம். (தமிழ்நாட்டு வாசகர்களுக்கு: எங்கள் ஊரில் கச்சான் என்றால் நிலக்கடலையும்தான். இங்கே பேச்சு காற்றைப் பற்றி.) தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலை எழும்பாது. நிலாவெளிக் கடல் குளம்போலக் கிடக்கிறதே அந்தப் படங்கள் எல்லாம் அப்போது எடுத்தவை. நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர்கள் மேற்கே கடல் கொந்தளிக்கும் அந்த மாதங்களில் இங்கே வந்து வாடி (கரையோரக் குடிசை) போட்டுத் தொழில் செய்வார்கள். ஒக்டோபர் நெருங்கினால் வாடியைப் பிரித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். காற்று மாறுவதை அவர்கள் நம்மைவிட முன்னால் அறிந்தவர்கள்.

டிசம்பரில் வாடைக்காற்று. வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளிக்கொண்டு நேரே கரைக்கு வரும். திருகோணமலையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதத்தில் பெய்துவிடும். உங்களுக்குக் கிடைத்தது வெறும் மழை. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் கரையேறியதும் இதே கரையில், திருகோணமலைக்குச் சற்று வடக்கே. ஆகவே அந்தச் சிவப்புக் கொடியைக் குறை சொல்லாதீர்கள். மணல் தெரிகிற ஆழத்திலேயே காலைப் பறித்து இழுத்துக்கொண்டு போகிற நீர் அது.

விடுதிக்காரரை முழுக்கக் காப்பாற்றவும் நான் வரவில்லை. குளத்துக்கு வர்ணம் பூசுவது சரி, இந்தக் காலத்தில் பூசாமல் எப்போது பூசுவது? ஆனால் பதிவு செய்கிறபோதே அதைச் சொல்லியிருக்க வேண்டும். சுடுதண்ணீர் கதை வேறு. கூரையில் சூரிய வெப்பத்தில் சூடாகும் தொட்டி வைத்திருந்திருப்பார்கள். சூரியன் லீவில் போய்விட்டால் யார் என்ன செய்வது?

26ஆம் திகதிக் காலைச் சாப்பாட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திவைத்த வரி அதுதான். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி) தினம். அன்று காலைதான் அந்தக் கரையைச் சுனாமி அடித்தது. நிலாவெளியில் வீடுகளும் விடுதிகளும் ஆட்களுமாகப் போயின. இப்போதும் ஒவ்வொரு வருடமும் அந்தத் திகதியில் காலை 9.25க்கு நாடு முழுவதும் இரண்டு நிமிட மௌனம். கரையூர்களில் அது இரண்டு நிமிடத்தோடு முடிவதில்லை. விளக்கு வைப்பார்கள், கடலில் பூப் போடுவார்கள், சிலர் ஒன்றும் செய்யாமல் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். உங்களுக்கு முட்டை பொரித்துத் தரவேண்டியவர் அந்த நேரத்தில் எங்கே நின்றிருப்பார் என்று நினைக்கிறீர்கள்? அவர் விளக்கம் சொல்லாததில் எனக்கு வியப்பில்லை. விடுமுறைக்கு வந்த ஒருவரிடம் அதை எந்த வாக்கியத்தில் தொடங்குவது? உங்கள் மனைவியிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவருக்கு அது தெரிந்திருக்கும் என்று என் மனம் சொல்கிறது.

தீர்ப்புக் கேட்டீர்கள். மனைவி பக்கம்தான். நீங்கள் ஓகஸ்ட் நிலாவெளியைப் பாதி விலைக்கு வாங்கியதாக நினைத்துப் போனீர்கள், அதனால் நாலு நாளும் கழித்தல் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். படகு இல்லை, குளம் இல்லை, வெயில் இல்லை. அவர் மழை பார்க்கப் போயிருக்கிறார். உங்களுக்கு வெயிலும் கடல்குளிப்பும்தான் வேண்டுமென்றால் அதே டிசம்பரில் ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ என்று தெற்கே போகலாம். அங்கே அப்போதுதான் சீசன். விலையும் சனமும் சீசனுக்கு ஏற்றபடி இருக்கும். இரண்டு பேரும் ஒத்துப்போக வேண்டுமென்றால் தைப்பொங்கல் கழியட்டும். மழை குறைந்துவிடும், விலை உடனே ஏறாது.

நானும் என் மனைவியும் ஒரு கார்த்திகையில் நிலாவெளிக்குப் பக்கத்து உப்புவெளியில் மூன்று நாள் அடைபட்டுக் கிடந்தோம். தாழமுக்கம் (காற்றழுத்தத் தாழ்வு). இரண்டு இரவு மின்சாரம் இல்லை. படுக்கை விரிப்பு ஈரவாடை அடித்தது, துவாய் காயவே இல்லை. முதல் நாள் நாங்கள் சண்டை பிடித்தோம், நல்ல பெரிய சண்டை. இந்த விடுதியை யார் தேர்ந்தெடுத்தது என்பதுதான் தொடக்கம், அது எங்கெங்கேயோ போனது. வீட்டிலென்றால் இடையில் ஒருவர் கடைக்குப் போயிருப்போம். அங்கே போக இடமில்லாததால் முழுச் சண்டையையும் பிடித்து முடிக்க வேண்டி வந்தது. அப்புறம் பசித்தது. சமையல்காரர் இஞ்சி போட்ட பிளேன்ரீயும் தேங்காய்ச் சம்பலோடு றொட்டியும் தந்தார். இரவு மெழுகுதிரி வெளிச்சத்தில் அவரும் காவலாளியும் எங்களோடு 304 என்ற சீட்டாட்டம் விளையாட உட்கார்ந்தார்கள். என் மனைவிக்கு இப்படி ஒரு துரும்புச்சீட்டு மூளை இருக்கிறதென்று அதுவரை எனக்குத் தெரியாது. காவலாளியைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு என்னையும் சமையல்காரரையும் நாசமாக்கினார்.

மூன்றாம் நாள் மழைக்குள்ளேயே ஓட்டோ பிடித்துக் கன்னியா போனோம். ஏழு வெந்நீர்க் கிணறுகள், ஒன்றின் சூடு மற்றதில் இல்லை. இராவணன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்பது ஊர்க்கதை. வெயில் காலத்தில் வெந்நீரை அள்ளிக் குளிப்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும். தலையில் குளிர்மழை விழ, தோளில் சுடுநீரை ஊற்றுவது அப்படியல்ல. நீங்கள் போகவில்லை என்றால் இந்த முறை அதை விடாதீர்கள். கோணேசர் கோயிலுக்கும் மழை விட்ட நேரம் பார்த்து ஏறுங்கள். சம்பந்தர் 'குரைகடல்' என்று பாடினாரே, அந்தக் குரைப்பைக் கேட்க மாரியில்தான் வரவேண்டும். கோயில் இருக்கிற கோட்டைக்குள் புள்ளிமான்கள் மரத்தடியில் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். திரும்பும் வழியில் தம்பலகாமத்து வயல் பச்சை, கந்தளாயில் எருமைத் தயிர். அதற்கு மேல் நான் சொல்லத் தேவையில்லை.

பதிவு செய்யுமுன் விடுதிக்குத் தொலைபேசி எடுத்து மூன்று கேள்வி கேளுங்கள். ஜெனரேட்டர் அறைகளுக்கும் உண்டா, வரவேற்பறைக்கு மட்டுமா? இரவுச் சமையல் உண்டா? மாடியில் அறை தருவார்களா? வானிலைத் திணைக்களம் தாழமுக்கம் என்று அறிவித்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், மனைவி என்ன சொன்னாலும். நீங்கள் 24ஆம் திகதிக்கே மறுபடி போவதென்றால் 26 காலைக்குப் பாணும் வாழைப்பழமும் முதல்நாளே வாங்கி வைத்துவிடலாம்.

சீட்டுக்கட்டும் ஒன்று வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள். உப்புவெளி விடுதிச் சீட்டுக்கட்டில் ஒரு ஜாக் குறைந்திருந்தது. ஜாக்குக்கு 30 புள்ளி, அது இல்லாமல் மொத்தம் 304க்குப் பதில் 274தான் வரும். சமையல்காரர் பிஸ்கட் பெட்டி அட்டையில் ஒன்று வெட்டித் தந்தார். மூன்று இரவும் அந்த ஜாக் யார் கையில் இருக்கிறது என்று நாலு பேருக்கும் தெரியும்.