மொட்டு உதிர்கிறதா? டானிக் பாட்டிலைக் கீழே வையுங்கள்

கேள்வி: தொட்டியில் வைத்த அடுக்குச் செம்பருத்தி நிறைய மொட்டு விடுகிறது. ஆனால் விரியும் முன்பே மஞ்சளாகி உதிர்ந்துவிடுகிறது. பூக்க வைக்கும் டானிக் ஊற்றச் சொல்கிறார்கள். ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். மொட்டுதான் தாராளமாக வருகிறதே, அப்புறம் டானிக் எதற்கு? வந்த மொட்டு ஏன் நிற்கவில்லை என்றுதான் பார்க்க வேண்டும்.

விழுந்த மொட்டு ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பொடிப்பொடியாக வெளிர்மஞ்சள் புழு நெளிந்தால், அது மொட்டு ஈயின் வேலை. அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கி, ஈயாகி, மறுபடி மொட்டுக்கே வரும். மேலே தெளிக்கும் வேப்பெண்ணெய் மொட்டுக்குள் போகாது. விழுந்ததையும், செடியிலேயே மஞ்சளடித்து நிற்பதையும் தினமும் பொறுக்கி, பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள். உரக்குழியில் போட்டால் நீங்களே ஈ வளர்த்த கதைதான்.

புழு இல்லையென்றால் தண்ணீரைக் கவனியுங்கள். மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்ததும், அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றினால் போதும். ஒருநாள் வாடவிட்டு மறுநாள் குளமாக்கினால் மொட்டு நிற்காது.

உங்களுடையது அடுக்கு ரகம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். இதழ் அடர்ந்த ரகங்கள் பல, கடும் வெயிலில் ஒரு குறையும் இல்லாமலே மொட்டை உதிர்க்கும். புழு இல்லை, தண்ணீர் சரி, இலையும் பச்சை, ஆனாலும் உதிர்கிறதா? வெயில் தணியும்வரை பொறுங்கள். உரம் வேண்டாம், மருந்து வேண்டாம், இடம் மாற்றவும் வேண்டாம். பக்கத்தில் ஒற்றை அடுக்குச் செடி பூத்துத் தள்ளுகிறதே என்று தவிக்காதீர்கள். இந்தத் தவிப்பை நம்பித்தான் டானிக் விற்கிறார்கள்.

பூ வரவழைக்கும் என்று விற்கப்படும் பல உரங்களில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) தூக்கலாக இருக்கும். செம்பருத்திக்கு அது ஆகாது. சேரச் சேர, செடியால் இரும்புச்சத்தை எடுக்க முடியாது. நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை வெளுக்கும். அதைக் காட்டினால் இன்னொரு பாட்டிலை நீட்டுவார்கள்!

உரப் பையில் மூன்று எண்கள் இருக்கும்: தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்) என்ற வரிசையில். நடு எண் சின்னதாகவும் கடைசி எண் பெரியதாகவும் இருப்பதை வாங்குங்கள். எண்ணே இல்லாத பாட்டிலைத் தொடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதாததையெல்லாம் எப்படித்தான் விற்க விடுகிறார்களோ! ஏற்கெனவே ஊற்றி இலை வெளுத்திருந்தால், தொட்டி மண்ணை மாற்றிவிடுங்கள்.